கம்பம் பள்ளத்தாக்கில் ஒரு பரோலோ

ஜன்னலோரம் எனக்கு விட்டுக்கொடுத்தீர்களே, புண்ணியமாகப் போகும். இந்த இடது கையைக் கம்பிமேல் சாய்த்துக்கொண்டால்தான் வலி கொஞ்சம் அடங்குகிறது. நடைபாதைப் பக்கம் உட்கார்ந்தால் ஏறுகிறவன் இறங்குகிறவன் எல்லாம் இடிக்கிறான். ஒவ்வொரு இடிக்கும் உயிர் ஒருமுறை உச்சிக்குப் போய்வருகிறது.

பார்க்கலாம், தப்பில்லை. எல்லாரும் பார்க்கிறார்கள். சுண்டுவிரலும் மோதிரவிரலும் இல்லை. நீங்கள் நாகரிகமானவர், கேட்கமாட்டீர்கள் என்று தெரிகிறது. நானே சொல்லிவிடுகிறேன். என் தங்கை புருஷன் வெட்டியது. பெயர் இன்னாசி. இன்றைக்குக் கோர்ட்டில் அதைப் பற்றித்தான் சாட்சி. கொலை முயற்சி வழக்கு. ஊரில் பார்த்தவர்கள் அத்தனை பேரும் பல்டி அடித்துவிட்டார்கள். ஒருவர் பாக்கியில்லாமல் எல்லாரும் ஒரே பாட்டு: "கம்பி தெறிச்சு விரல் போச்சுங்கய்யா." திராட்சைப் பந்தல் கம்பி தெறித்தால் விரல் போகும், அது உண்மை. கழுத்தே போகும். ஆகையால் டாக்டராலும் மறுக்க முடியவில்லை. மிச்சம் இருப்பது நான் ஒருவன். இன்னாசி உள்ளே கிடப்பதும் வீட்டுக்கு வருவதும் இந்த வாயில் இருக்கிறது.

திண்டுக்கல்வரை போகிறீர்களா? நல்லது. நேரம் இருக்கிறது. நான் தேனி தாண்டிக் கோர்ட் வாசலில் இறங்கிவிடுவேன்.

விரலில் தொடங்கினால் உங்களுக்கு ஒன்றும் விளங்காது. அரை டம்ளரில் தொடங்க வேண்டும்.

நான் ஒரு கிறிஸ்தவக் கல்லூரியில் நூலகராக இருந்தவன். பெயர் தனிஸ்லாஸ். எங்கள் கல்லூரியில் ஒரு வயதான இத்தாலியச் சாமியார் இருந்தார். அவர் குருப்பட்டம் பெற்ற பொன்விழாவுக்கு ஊரிலிருந்து அவருடைய தம்பி ஒரு பாட்டில் அனுப்பியிருந்தார். சிவப்பு ஒயின். நான் எஸ்.எஸ்.எல்.சி. எழுதிய வருஷத்தில் அடைத்த பாட்டில். நூலகத்துக்கு வந்து, கதவைச் சாத்தி, எனக்கு அரை டம்ளர் ஊற்றினார். எவர்சில்வர் டம்ளர். அதில் குடித்த பாவத்துக்கு இன்னும் பரிகாரம் கண்டுபிடிக்கவில்லை.

எப்படி இருந்தது என்று சொல்கிறேன். புதிதாகத் தார் போடுகிற ரோட்டோரம் யாரோ ரோஜா மாலையை அறுத்துப் போட்டுவிட்டுப் போனால் எப்படி இருக்கும், அந்த வாசனை. வாய்க்குள் போனதும் முதலில் ஒன்றுமில்லை. பிறகு ஈறு, நாக்கு, கன்னத்தின் உட்புறம் எல்லாம் ஒரு பிடி. அடிப்பதுபோல் அல்ல. அப்பா தோளைப் பிடிப்பதுபோல். சாமியார் சொன்னார்: "இது பரோலோ. எங்கள் ஊர்க் குன்றில் விளைவது. வந்த புதிதில் இதைக் குடித்தால் எதிரியைக் குடித்ததுபோல் இருக்கும். காத்திருந்தால் நண்பன்."

அந்த அரை டம்ளருக்குப் பிறகு நான் நூலகத்தில் வேறெதையும் ஒழுங்காகப் படிக்கவில்லை.

பரோலோ என்பது ஊர்ப்பெயர். வடமேற்கு இத்தாலியில், பியெமொந்தே என்ற மாகாணத்தில், லாங்கே என்று சொல்லும் குன்றுகளுக்கு நடுவே இருக்கிறது. திராட்சையின் பெயர் நெபியோலோ. பழுக்கிற காலத்தில் குன்றை மூடும் பனியை வைத்துத்தான் அந்தப் பெயர் வந்தது என்று ஒரு கட்சி உண்டு. மறுக்கிறவர்களும் உண்டு, அவர்களைப் பற்றிச் சின்னமனூருக்கு முன்னால் சொல்லி முடிக்க முடியாது. இளசில் கடுக்காய் மென்றதுபோல் துவர்க்கும். சட்டப்படியே மூன்று வருஷத்துக்குமேல் முடங்கிக் கிடந்த பிறகுதான் விற்கலாம். நல்ல வருஷத்துச் சரக்கென்றால் இருபது, முப்பது வருஷம் தாங்கும். வருஷத்துக்கு ஒரே அறுப்பு. கொடி குறைவாகக் காய்க்க வேண்டும். கொடி துன்பப்பட வேண்டும். இதை எல்லா நூலும் ஒரே குரலில் சொல்கிறது: துன்பப்படாத கொடியில் நல்ல ஒயின் இல்லை.

இப்போது எங்கள் பள்ளத்தாக்கைப் பாருங்கள். ஜன்னல் வழியாகவே பாருங்கள். மேற்கே மலை, கிழக்கே மலை, நடுவில் ஆறு, மார்கழியில் பனி. லாங்கேயின் கூடப்பிறந்தது மாதிரி இல்லையா? ஆனால் எங்கள் ஆட்கள் இதில் என்ன செய்கிறார்கள்? பன்னீர்த் திராட்சை. கவாத்து வெட்டினால் நாலு மாதத்தில் பழம். அறுத்த கையோடு மறுபடி கவாத்து. பிள்ளை பெற்றவளை மறுவாரமே அறைக்குள் தள்ளுவதுபோல. பழமும் அப்படித்தான், இனிக்கும், ஈ மொய்க்கும், மூன்றாம் நாள் அழுகும். உலகத்தில் பரோலோவுக்குச் சமமாகப் பேசப்படும் இன்னொரு ஒயின் வட்டாரம் போர்டோ. எங்கள் ஊரில் சின்னக் குழந்தைக்கும் போர்டோ தெரியும். மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்து கொடிக்கு அடிக்கிற பூஞ்சைமருந்து.

சிரிக்கிறீர்கள். நானும் சிரித்துத்தான் தொடங்கினேன்.

எங்கள் அப்பா விட்டுப்போனது இரண்டரை ஏக்கர் பந்தல். எனக்குப் பாதி, தங்கை பிலோமிக்குப் பாதி. கீழே சர்வேயர் கல் நட்டுப் பிரித்தார். மேலே கம்பியை யாரும் பிரிக்கவில்லை, பிரிக்கவும் முடியாது. பந்தல் எப்படி நிற்கிறது தெரியுமோ? உள்ளே கல்தூண்கள். ஓரத்துத் தூண்கள் வெளிப்பக்கம் சாய்ந்து நிற்கும். அவற்றைப் பூமிக்குள் புதைத்த பெரிய கல்லோடு தடித்த கம்பியால் இழுத்துக் கட்டியிருப்பார்கள். அதற்குப் பெயர் இழுகம்பி. நாலு பக்கத்து இழுகம்பியும் இழுப்பதால்தான் நடுவில் அத்தனை பாரம் அந்தரத்தில் நிற்கிறது. "மத்தளத் தோலு மாதிரி மச்சான். ஒரு பக்கத்து வாரை அறுத்துட்டு மறுபக்கத்துல தட்ட முடியுமா?" என்பான் இன்னாசி. நல்ல உவமைதான். அவன் வாயிலிருந்து வந்ததால் அப்போது கவனிக்கவில்லை.

இந்தக் காரணத்துக்காக ஊரில் ஒரு வழக்கம். ஒரு பந்தல் இரண்டு பேர் கையில் இருந்தால், ஒருவன் இழுகம்பியில் கை வைக்கும்போது மற்றவன் எதிர்க்கோடியில் வந்து நிற்க வேண்டும். அழைப்பு வைத்துக் கூப்பிட வேண்டும். பேச்சுவார்த்தை இல்லாத பங்காளிகள்கூட அந்த ஒரு நாள் வந்து நிற்பார்கள், முகத்தைத் திருப்பிக்கொண்டு.

நான் வேலையில் இருந்தவரை என் பாதியையும் இன்னாசிதான் பார்த்தான். ஓய்வு பெற்றதும், "மாப்ள, இனி என் பக்கத்தை நானே பார்த்துக்கொள்கிறேன்" என்றேன்.

"பாருங்க மச்சான், ஒங்க தோட்டம்" என்றான். "ஆனா நீங்க புஸ்தகத்துக்கு அட்டை போட்ட கை. கொடி அட்டையில்லாத சாதி. கடிச்சிரும்."

ஆள் விட்டு, அப்பா நட்ட பன்னீர்க் கொடிகளைத் தூரோடு வெட்டினேன். கோடாரி, கடப்பாரை. சில தூர் என் தொடைப் பருமன். வேர் மண்ணை விட்டு வரும்போது ஒரு சத்தம் வரும், கோழிக் கழுத்தைத் திருகும்போது வருமே, அதே சத்தம், கொஞ்சம் பெரியதாக. வெட்டுப்பட்ட முண்டத்திலிருந்து நீர் சொட்டும். கொடி அழுகிறது என்பார்கள். தாவரவியல் அப்படிச் சொல்லாது, வேரின் அழுத்தம் அது. பிலோமி வந்து, தன் பழைய சேலையைக் கிழித்து ஒவ்வொரு முண்டத்திலும் கட்டினாள். "எதுக்கடி?" என்றேன். "சும்மாண்ணே, கண்ணுக்கு நல்லால்ல" என்றாள். அவளுக்கு எதையும் அறிவுபூர்வமாகப் பார்க்க வராது.

நாசிக்கிலிருந்து நெபியோலோ குச்சிகளை வரவழைத்தேன். விற்றவர் நெபியோலோ என்றுதான் சொன்னார். பின்னால் வேளாண்மை படித்த ஒருவர் வந்து இலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "சார், இது பெங்களூர் புளூ மாதிரியில்ல இருக்கு? ஜூஸுக்குப் போடுவாங்களே" என்றார். இலையைப் பார்த்துச் சாதி சொல்கிற வயதா அவருக்கு! டீகூடக் கொடுக்காமல் அனுப்பினேன்.

மறுவருஷம் முதல் பிடிப்பு. குலை குலையாகப் பச்சைக் காய். நூல் என்ன சொல்கிறது? பாதியை வெட்டி மண்ணில் போடு, மீதிக்குள் சத்து இறங்கும். வேலைக்கு வந்த பெண்களிடம் சொன்னேன். செசிலி என்று ஒருத்தி, கத்திரியைக் கீழே வைத்துவிட்டுச் சிலுவை போட்டுக்கொண்டாள். "இது கலைக்கிற வேலைங்கய்யா. எங்க கைக்கு வேணாம்." அத்தனை பேரும் கூலி வாங்காமல் போய்விட்டார்கள். நானே வெட்டினேன். காலையில் தொடங்கிச் சாயங்காலம்வரை. முதலில் கை கூசியது, ஒத்துக்கொள்கிறேன். பிறகு ஒரு சுகம் வந்துவிட்டது. குலை விழுகிற சத்தம், மிதித்தால் காலடியில் காய் உடைகிற சத்தம். பிலோமி எல்லைக் கல்லுக்கு அந்தப் பக்கம் நின்று பார்த்தாள். நான் வீட்டுக்குப் போன பிறகு வந்து கூட்டி அள்ளி ஆட்டுக்குப் போட்டிருக்கிறாள். ஆட்டுக்குப் பேதி. அதற்கும் நான்தான் காரணம் என்று ஊரில் பேச்சு.

அடுத்தது தண்ணீர். கொடி துன்பப்பட வேண்டும் என்றேனே. சித்திரை வெயிலில் என் பக்கத்துச் சொட்டுநீரை அடைத்தேன். இலை சுருண்டது. நுனி கருகியது. எனக்கு நம்பிக்கை வந்தது. ஆனால் ஒரு காலையில் பார்த்தால் தூரெல்லாம் ஈரம். மறுநாளும் ஈரம். மோட்டார் ரூமில் ஒளிந்திருந்து பிடித்தேன். இன்னாசி என் வால்வைத் திறந்துகொண்டிருக்கிறான்!

"என்ன மாப்ள இது?"

"வாயில்லாத சீவன் மச்சான். பக்கத்துல நான் குடிச்சிட்டிருக்கேன், அது பாத்துட்டே நிக்குது."

"அது தாகப்பட வேண்டும். அதுதான் முறை."

"எந்தக் கோயில்ல இந்த முறை? ஏசுசாமிக்குக்கூட காடி குடுத்தாய்ங்க மச்சான்."

வேத நூலைத் தப்பான இடத்தில் மேற்கோள் காட்டினால் எனக்குப் பொறுக்காது. நான் அறிவுரையாகத்தான் தொடங்கினேன். அவன் சிரித்தான். கையில் பைப் ஸ்பானர் இருந்தது. வீசவில்லை, ஒரு சுற்றுச் சுற்றினேன், அது வாயில் பட்டது. முன்பல் மூன்று. நியாயமாகச் சொன்னால் அதில் ஒன்று ஏற்கெனவே ஆடிக்கொண்டிருந்தது. சுவரெல்லாம் ரத்தம், மோட்டார் பெல்ட்மேல் ரத்தம், பெல்ட் சுற்றச் சுற்ற என் சட்டையிலும் தெறித்தது. அவன் என்னைவிட இரண்டு மடங்கு ஆள். திருப்பி ஒரு அறை விட்டிருந்தால் நான் இன்று இந்தப் பஸ்ஸில் இல்லை. பல்லை உள்ளங்கையில் துப்பிப் பார்த்தான். "பிலோமிக்கு அண்ணனாப் போயிட்டீங்க" என்றான். வால்வை அவனே மூடிவிட்டுப் போனான்.

போலீஸுக்குப் போகவில்லை. மோட்டார் ரூமில் வழுக்கி விழுந்தேன் என்று ஊரில் சொல்லிவிட்டான். கவனியுங்கள், எதற்கும் ஒரு கட்டுக்கதை சொல்கிற பழக்கம் அந்தக் குடும்பத்தில் அன்றே இருந்திருக்கிறது.

உத்தமபாளையம் வந்துவிட்டதா? தண்ணீர் இருந்தால் கொஞ்சம் கொடுங்கள். நன்றி.

இனித்தான் விஷயம். அந்த வருஷக் கடைசியில் நான் ஒன்றைக் கண்டுபிடித்தேன். கண்டுபிடித்தேன் என்றால் படித்தேன். லாங்கேயில் பந்தலே கிடையாது! வேலிபோல வரிசை வரிசையாகக் கம்பி, இடுப்பு உயரத்தில் குலை, வெயில் நேராக விழும். பந்தலுக்கடியில் இருட்டில் தொங்குகிற பழத்தில் துவர்ப்பு எங்கிருந்து வரும்? ஆக, என் பாதிப் பந்தலைப் பிரித்து வேலியாகக் கட்ட வேண்டும். எப்போது? கொடி தூங்கும்போது. ஜனவரியில். எல்லா நூலும் ஜனவரி என்றுதான் சொல்கிறது.

ஞாயிற்றுக்கிழமைப் பூசை முடிந்து, கோயில் வாசலில் இன்னாசியிடம் முறைப்படி சொன்னேன். அவன் பக்கம் அப்போது பழம் கறுத்து, அறுப்புக்கு நிற்கிறது. கம்பம் வியாபாரி ராவுத்தர் விலை பேசி, வெள்ளிக்கிழமை லாரி என்று சொல்லியிருந்தார்.

"லாரி ஏறட்டும் மச்சான்" என்றான் இன்னாசி. பல் போனதிலிருந்து அவன் பேச்சில் காற்று வரும். "சனிக்கிழமை நானே வந்து எதிர்க்கோடில நிக்கிறேன். ஒங்க கூடவே நின்னு ஒவ்வொண்ணா அவுத்துத் தர்றேன். பாரம் எறங்கிருச்சுன்னா பந்தல் சொன்னபடி கேக்கும்."

"சனிக்கிழமை பிப்ரவரி பிறந்துவிடும். கொடி விழித்துக்கொள்ளும்."

"எங்க மச்சான் தூங்குது? பச்சப்பசேல்னு நிக்குது!"

"அதற்குத் தெரியாது. அது தூங்க வேண்டிய மாதம் இது."

பக்கத்தில் நின்ற நாலு பேர் சிரித்தார்கள். பிலோமி சிரிக்கவில்லை. "அண்ணே, அஞ்சு நாளுண்ணே" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். ஐந்து நாள்! நான் இருபது வருஷத்துக்கு யோசிக்கிறேன், இவர்கள் ஐந்து நாளைப் பிடித்துத் தொங்குகிறார்கள்.

புதன்கிழமை காலையில் இன்னாசி பழப்பெட்டி வாங்கக் கம்பம் போயிருந்தான். நான் ஹாக்ஸா பிளேடோடு போனேன். வழக்கப்படி எதிர்க்கோடியில் ஆள் நிற்க வேண்டும். ஆளே இல்லாதபோது யாரை நிறுத்துவது? என் பக்கத்து மூலையில் முதல் இழுகம்பியை அறுத்தேன். டிங் என்றது, அவ்வளவுதான், ஒன்றும் நடக்கவில்லை. இதற்கா இத்தனை பயமுறுத்தல் என்று நினைத்தேன். இரண்டாவதும் டிங். பந்தல் மேலே லேசாக ஒரு பெருமூச்சு. மூன்றாவதில் பிளேடு பாதிதான் இறங்கியது, மீதியைக் கம்பியே முடித்துக்கொண்டது.

ஐயா, பூமி தன் தோலை உதறினால் எப்படி இருக்கும்? என் பக்கத்துப் பந்தல் விழவில்லை, கவனியுங்கள். என் பக்கம் இளங்கொடி, பாரமில்லை, நொண்டிக்கொண்டு நின்றுவிட்டது. அவர்கள் பக்கம்தான் பழத்தோடு போனது. ஓரத்திலிருந்து வரிசை வரிசையாகக் கல்தூண்கள் உள்பக்கம் மடிந்தன, படையில் முன்வரிசை சாய்வதுபோல. கம்பிகள் சாட்டையாகச் சுழன்றன. ஒன்று என் தலைக்குமேல் போய்ப் பின்னால் நின்ற முருங்கையை வாழைத்தண்டுபோல் வெட்டியது. பிறகு அத்தனை டன் பழமும் ஒரேயடியாகத் தரையில். அந்தச் சத்தத்தை எழுத்தில் கொண்டுவர முடியாது. பழத்தின் சத்தம், கல்லின் சத்தம், அதற்கு நடுவில் சின்னதாக இன்னொரு சத்தம்.

பிலோமி உள்ளே இருந்திருக்கிறாள். மாதிரிக் குலை பார்க்க ராவுத்தர் வந்திருந்தார், அவருக்காக நல்ல குலையாகப் பார்த்து வெட்டிக்கொண்டிருந்திருக்கிறாள். ராவுத்தர் எல்லைக் கல்லருகே பீடி பற்றவைக்கத் தள்ளி நின்றதால் தப்பித்தார். அவள்மேல் ஒரு தூண். இடுப்பில்.

நாலாபக்கமும் ஆட்கள் ஓடிவந்தார்கள். கம்பியை விலக்குகிறார்கள், கொடியை வெட்டுகிறார்கள், காலுக்கடியில் சாறு. முழங்கால்வரை ஓடியது என்று ஊரில் கதை, மிகை, கணுக்கால்தான். நல்ல அடர்ந்த நிறம். அந்த நிறத்தைப் பார்த்ததும் எனக்கே ஒரு சந்தேகம், ஒருவேளை பன்னீரைக் குறைத்து மதிப்பிட்டுவிட்டோமோ என்று. குனிந்து விரலில் தொட்டு நாக்கில் வைத்தேன். துவர்ப்பு துளிகூட இல்லை. வெறும் சர்க்கரை. ராவுத்தர் பக்கத்தில் இருந்தார், அவரிடம் சொன்னேன்.

"யோவ், லைப்ரரி சாரே!" என்று கத்தினார் அந்த மனுஷர். "உள்ள உம்ம தங்கச்சி கெடக்குறாய்யா!"

எனக்குத் தெரியாதா? நாலு பேர் தூக்குகிற இடத்தில் ஐந்தாவது ஆள் இடைஞ்சல். வயது அறுபத்துமூன்று எனக்கு.

அப்போது இன்னாசியின் வண்டி வந்தது. பெட்டிகளை எட்டி உதைத்துக் கீழே தள்ளினான். கல்லுக்கடியில் தோளைக் கொடுத்துத் தூக்கினான். பிலோமியை எடுத்து வண்டியில் கிடத்தினான். அவள் உடம்பெல்லாம் பழச்சாறு, எது ரத்தம் எது சாறு என்று பிரிக்க முடியவில்லை. கிளப்பு என்று டிரைவரிடம் சொல்லிவிட்டு, "ஒரு நிமிசம்" என்று இறங்கினான். கவாத்துக் கத்தியோடு என்னிடம் வந்தான்.

கத்தவில்லை. கெட்ட வார்த்தை இல்லை. "மச்சான், கம்பிய எந்தக் கையில அறுத்தீங்க?" என்றான். ஆஸ்பத்திரியில் எந்தக் கையில் ஊசி என்று கேட்பதுபோல.

நான் வலது கைக்காரன். பிளேடு பிடித்தது இதோ இந்தக் கை. எழுதுகிற கை, பக்கம் திருப்புகிற கை, நாளைக்கு ஒயின் கோப்பையைப் பிடிக்க வேண்டிய கை. இடது கையைக் காட்டினேன். அந்த நெருக்கடியிலும் மூளை வேலை செய்ததில் எனக்குக் கொஞ்சம் பெருமை உண்டு. அவன் நம்பினான். குழந்தைக்கு நகம் வெட்டுகிறவன்போல் மணிக்கட்டைப் பிடித்து, சாய்ந்து கிடந்த தூண்மேல் வைத்து, ஒரே வெட்டு. கட்டை விரலை மடக்கி ஒதுக்கிவிட்டுத்தான் வெட்டினான், அதையும் சொல்ல வேண்டும். பிறகு ஓடிப்போய் வண்டியில் ஏறிக்கொண்டான். விரல்கள் சாற்றுக்குள் எங்கோ விழுந்தன. யாரும் தேடித் தரவில்லை. அத்தனை பேர் நின்றார்கள், ஒருவர்கூடக் குனியவில்லை.

தேனி ஆஸ்பத்திரியில் பிலோமி ஒரு மாடியில், நான் ஒரு மாடியில். அவள் கட்டிலடியில் வைத்துத்தான் இன்னாசியைக் கைது செய்தார்கள். ஜாமீன் இல்லை. அரசு வக்கீல் கெட்டிக்காரர், அப்போதே நாலு வாக்கியத்தில் என் வாக்குமூலத்தைக் கட்டிவிட்டார்.

மூன்று மாதம் கழித்து, ஊர் முழுக்கப் பல்டி அடித்த பிறகு, பிலோமி என்னைக் கூப்பிட்டு அனுப்பினாள். இன்னும் படுக்கைதான். தகடு வைத்திருக்கிறார்கள்.

"அண்ணே, கம்பி தெறிச்சிருச்சுன்னு ஒத்த வார்த்த. அம்புட்டுத்தான். அவரு வந்துருவாரு."

"பொய் சொல்லச் சொல்கிறாயா பிலோமி? பைபிள்மேல் சத்தியம் பண்ணிவிட்டு?"

"பொய்தான். நான் பாவசங்கீர்த்தனம் பண்ணிக்கிறேன். எங்கணக்குல வச்சுக்கச் சொல்லு ஆண்டவர."

யோசித்தேன். தங்கையல்லவா. மனம் இளகிவிட்டது. ஒரே ஒரு வேண்டுகோள் வைத்தேன். நிபந்தனை என்று ஊரில் சொல்கிறார்கள், சொல் தேர்வு அவர்களுக்கு வராது. "உன் பக்கத்து நிலம் சும்மாதானே கிடக்கிறது? பந்தலும் போய்விட்டது. அதை எனக்கு எழுதிக்கொடுத்துவிடு. இரண்டரை ஏக்கரும் ஒன்றானால், தெற்கே ஒரு பரோலோ நிச்சயம்" என்றேன்.

மின்விசிறியைப் பார்த்துக்கொண்டே கிடந்தாள். "எடுத்துக்க" என்றாள்.

"வருத்தமில்லையே?"

"இடுப்புக்குக் கீழ ஒண்ணுந் தெரியலண்ணே. வருத்தம் அங்கிட்டு இருந்தாலும் இருக்கும்."

இன்னாசி சிறையிலிருந்து சொல்லியனுப்பினானாம்: "குடுக்காத. நான் உள்ளயே இருந்துக்கிறேன். அந்த மண்ணு அவர் கைக்குப் போனா நான் வெளிய வந்து என்னத்தப் பாக்க?" அவள் கேட்கவில்லை. போன வாரம் ஸ்ட்ரெச்சரிலேயே பத்திர ஆபீசுக்குத் தூக்கிக்கொண்டு வந்து பதிவு முடிந்தது. வெளியே வந்ததும் என் வலது கையைப் பிடித்து, "சொல்லிருவல்ல?" என்றாள். சொல்லிவிடுகிறேன் என்று அவள் கையில் அடித்துச் சத்தியம் செய்தேன். மனப்பூர்வமாகத்தான் செய்தேன்.

வீரபாண்டி தாண்டிவிட்டோம் போலிருக்கிறது.

ஆனால் இந்த ஒரு வாரமாக எனக்குத் தூக்கமில்லை. நேற்று அவள் நிலத்தில் நின்று பார்த்தேன். உழுதாகிவிட்டது. கல்லை எல்லாம் வரிசையாக மாற்றி நட்டாகிவிட்டது. குச்சி வரவேண்டியதுதான் பாக்கி. அப்போதுதான் உறைத்தது. இன்னாசி வெளியே வந்தால் எங்கே போவான்? அங்கேதான் வருவான். அவனுக்கு வேறு இடம் தெரியாது. வேலியோரம் நிற்பான். சித்திரை வரும், இலை சுருளும், அவனுக்கு மனசு கேட்காது. எப்படியாவது வால்வைத் திறந்துவிடுவான்! அவன் சுபாவம் அது, திருத்த முடியாது. ஒரு வருஷம் தண்ணீர் காட்டினாலும் போதும், வேர் ஆழத்துக்குப் போகாது. போகாவிட்டால் துவர்ப்பு இல்லை, துவர்ப்பு இல்லாவிட்டால் அந்த ஒயின் மூன்றாம் வருஷம் காடி. எல்லாம் வீண். அவள் இடுப்பும் வீண், என் விரலும் வீண்.

அதோடு, இரண்டு சத்தியம் ஒன்றோடொன்று மோதினால் எது பெரியது? தங்கை கையில் அடித்ததா, நீதிமன்றத்தில் வேதத்தைத் தொட்டுச் செய்வதா? ஒழுக்க நூல்களில் இதற்கு ஐயமே இல்லை. உண்மையைத்தான் சொல்ல வேண்டும். அவன்தான் வெட்டினான். நான் பார்த்தேன். என் வாயால் இதுவரை கோர்ட்டில் பொய் வந்ததில்லை.

பத்து வருஷம்வரை போகலாம் என்கிறார் அரசு வக்கீல். ஏழுக்குக் குறையாது என்பது என் கணக்கு. ஏழு நல்ல கால அளவு. கொடி வேர் பிடிக்க மூன்று, ஒயின் இறங்கி முடங்க நாலு. அவன் வெளியே வருகிற அன்று நான் முதல் பாட்டிலைத் திறப்பேன். முதல் கோப்பை அவனுக்குத்தான், எவர்சில்வர் டம்ளர் இல்லை, கண்ணாடியில். பிலோமியும் அதற்குள் நடக்கத் தொடங்கியிருப்பாள். இரண்டு பேரும் குடித்துப் பார்க்கட்டும். குடித்தால் புரியும்.

வேகம் குறைகிறது. கோர்ட்தானே அது? கொஞ்சம் நகருங்கள், நான் எழுந்துகொள்கிறேன். அந்தப் பையை மட்டும் இறக்கிக் கொடுங்கள்.

அட, அங்கே பாருங்கள், வாசலில் நிற்கிற ஆட்டோ. பின்சீட்டில் தலையணை வைத்துச் சாய்ந்து உட்கார்ந்திருக்கிறாளே, அவள்தான் பிலோமி. டாக்டர் உட்காரவே கூடாது என்று சொல்லியிருந்தார், வந்துவிட்டாள். மடியில் என்ன அது? வெள்ளைச் சட்டை, வேட்டி. இஸ்திரி போட்டு, மடிப்புக் கலையாமல். கையில் சோற்றுத் தூக்கு வேறு. சாட்சி சொன்ன உடனே விட்டுவிடுவார்கள், இன்றைக்கே கூட்டிக்கொண்டு போய்விடலாம் என்று நினைத்துக்கொண்டு வந்திருக்கிறாள். அதோ, என்னைப் பார்த்துவிட்டாள். கை காட்டுகிறாள், சிரிக்கிறாள்.

என்ன சொல்ல? எங்கள் ஊர்க்காரர்கள் யாருக்கும் காத்திருக்கத் தெரியாது.